வால் அறுந்த கேப்டன்

அத்தியாயம் ஐந்து

"சந்தேகப்படுற ஆளோட அடையாளம் சொல்லுங்க" என்றாள் ரவூஃபா.

"சாம்பல் நிறம்" என்றார் ஜாபிர். "நல்லா தட்டையா இருப்பான். கண்ணு ரெண்டும் மேல இருக்கும். வால் பாதிதான்."

ஷம்மூன் கடையில் வாங்கி வாயில் போட்ட மீன் உருண்டையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டான். துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் எத்தனையோ அடையாளங்களைக் கேட்டிருக்கிறான். வால் வரைக்கும் யாரும் போனதில்லை.

"பேரு?" என்று கேட்டாள் ரவூஃபா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"கேப்டன்."

"அப்பா பேரையும் கேளுங்கக்கா" என்றான் ஷம்மூன். "கவுன்சில் ஆபீஸ்ல தேடிடலாம்."

ரவூஃபா அவனைப் பார்த்தாள். அவன் மென்று விழுங்கினான்.

ரவூஃபா சுங்கத்தில் இருந்தவள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளின் மூஞ்சி அவளுக்குப் போதும். ஓய்வுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, தீவு தீவாகப் போய்த் துப்பறிகிறாள். ஷம்மூன் படகுத்துறையில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவன். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, 'அதை எலி கடித்திருக்கிறது, அதனால் நல்லவர்களாக இருங்கள்' என்று சேர்த்துச் சொன்னதில் வேலை போயிற்று. அந்த வாயை வைத்துக்கொண்டு வேறெங்கும் பிழைக்க முடியாது என்பதால் ரவூஃபாவிடம் வந்து சேர்ந்தான்.

வழக்கு இதுதான். மாலத்தீவில், மாஃபிலாதூ என்ற தீவில், ஜாபிரின் கெஸ்ட் ஹவுஸுக்கு முன்னால், தினமும் பின்மதிய அஸர் தொழுகை முடிந்ததும் திருக்கை மீன்கள் கூட்டமாக வரும். ஜாபிர் முழங்கால் தண்ணீரில் நின்று விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். பாய் பாயாகத் திருக்கைகள் வந்து அவர் காலைச் சுற்றும். விருந்தாளிகள் மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு அவற்றுக்கு நடுவில் மிதப்பார்கள். 'விசிலுக்கு வரும் திருக்கைகள்' என்று படகுத்துறையில் பலகையே வைத்திருக்கிறார். திடீரென்று ஒருநாள் ஒன்றுகூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஜாபிர் உதடு வீங்கும்வரை ஊதிப் பார்த்துவிட்டார். இப்போது வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு ஜெர்மன் கிழத் தம்பதி. அவர்களும் மழை பெய்வது போல உள்ளே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"திருக்கை போனா விருந்தாளி போயிடுவாங்க" என்றார் ஜாபிர். "விருந்தாளி போனா வீடு போயிடும். வீடு போனா ஸீனியா போயிடுவா."

ஸீனியா அவர் மனைவி. இருவரும் இரண்டு தடவை பிரிந்து, இரண்டு தடவை திரும்பச் சேர்ந்தவர்கள். இந்தத் தீவுகளில் அது பெரிய விஷயமில்லை. கோபம் வந்தால் பிரிவார்கள், கோபம் தணிந்தால் மறுபடி அதே ஆளையே கட்டிக்கொள்வார்கள், ஊரும் இரண்டாவது விருந்துக்கு முகம் சுளிக்காமல் வந்து சாப்பிடும். ஆனால் மூன்றாவது பிரிவு மார்க்கச் சட்டப்படி வேறு கணக்கு. அதற்குப் பிறகு நினைத்தாலும் சேர்ந்து வாழ வழியில்லை.

"இது மூணாவது தடவையா ஆயிடும்மா" என்றார் ஜாபிர். "அவ்வளவுதான். அப்புறம் அவ யாரோ, நான் யாரோ."

ரவூஃபா எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். அடுப்பு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எலுமிச்சை வாசனை அடித்தது.

"மீன் வாசனையே இல்லாத சமையலறைய இந்த நாட்டுல இப்பத்தான் பார்க்கறேன்."

ஜாபிர் தலையைக் குனிந்துகொண்டார். "வீடு நாறுதுன்னு ஒரு விருந்தாளி நெட்ல ஊரறிய எழுதிட்டான். ரிஹாகுரு காய்ச்சற வாசனை அவனுக்குப் பிடிக்கலையாம். அதனால நான்தான் சொன்னேன், இனிமே இங்க மீன் வெட்ட வேணாம், சூரை மீனப் போட்டுக் கொதிக்கவைக்க வேணாம்னு. அன்னிலேர்ந்து அவ என்கூடப் பேசறது இல்ல. 'சாப்பாடு மேசைமேல'. அவ்வளவுதான் வரும்."

"ரிஹாகுரு காய்ச்சக் கூடாதுன்னு உங்க பெண்டாட்டிகிட்டயே சொன்னீங்களா?" என்றான் ஷம்மூன். "உங்களுக்குத் தைரியம் ஜாஸ்திண்ணே. எங்க வீட்டுல எங்க அப்பா உப்பு கம்மின்னு சொல்லவே கடலுக்குப் போய்த்தான் சொல்வார்."

சூரை மீன் வெந்த சாற்றை நாள் முழுக்கச் சுண்டக் காய்ச்சினால், கடைசியில் பழுப்புப் பசையாக அடியில் நிற்பதுதான் ரிஹாகுரு. ரொட்டியில் தடவினாலும் சரி, சோற்றில் பிசைந்தாலும் சரி, மாஃபிலாதூக்காரனுக்கு அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நாற்றம் என்று அதைச் சொன்னவனை ஷம்மூன் மனதுக்குள் நான்கு வார்த்தை திட்டினான்.

"பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் வஸீம் மேலதான் எனக்குச் சந்தேகம்" என்றார் ஜாபிர்.

"நேத்தே போய்ப் பார்த்துட்டோம்" என்றாள் ரவூஃபா. "அவரு கரையில திருக்கை இல்ல, ஒரு ஆமைதான் இருக்கு."

"ஆமையவிட மெதுவா வஸீம் இருக்காரு" என்றான் ஷம்மூன். "அவரு திருக்கைய விரட்டிப் பிடிக்கிற ஆளு இல்ல."

"அப்ப கேப்டனைப் பின்தொடருங்க. கூட்டத்துக்குத் தலைவன் அவன்தான். இந்நேரத்துக்குப் பவளப்பாறையோரமாப் போவான். பாறைக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில இறங்கினீங்கன்னா நீரோட்டமே உங்களைத் தள்ளிட்டுப் போயிடும்."

"எதுக்குத் தண்ணியில போகணும்? கரையோரமா நடந்தே தேடலாமே" என்றான் ஷம்மூன். அவனுக்குச் சின்ன வயதில் ஒரு திருக்கையை மிதித்த அனுபவம் உண்டு. அதன் வால்முள் அவன் குதிகாலில் பேசிய பேச்சை அவன் இன்னும் மறக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஒரே புதரு. கடல்லேர்ந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார் ஜாபிர். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "அங்க வேற யாராவது இருந்தாலும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

ரவூஃபாவின் புருவம் ஒரு நூலளவு உயர்ந்தது. ஷம்மூன் அதைக் கவனித்தான், ஆனால் நீந்துவதற்குக் காலில் மாட்டும் ஃபின் சேரவில்லை என்ற கவலையில் விட்டுவிட்டான்.

கரையில் மாஸ்க்கில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டே ரவூஃபா சொன்னாள்: "இந்தத் தீவுல யாரும் திரும்பிப் பார்க்காத ஆளு யாரு, சொல்லு."

"கவிதை படிக்கிறவன்."

"மாஸ்க் போட்டவன். குழாய வாயில வச்சிட்டா நீ டூரிஸ்ட். எங்க போனாலும் ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இதவிட நல்ல மாறுவேஷம் கிடையாது. அதுல இன்னொரு சௌகரியமும் இருக்கு."

"என்ன?"

"போட்டதும் தெரியும்."

போட்டதும் தெரிந்தது. ஷம்மூன் பேச வாயைத் திறந்தான். 'பூ' என்று ஒரு சத்தம் குழாய் வழியாக வானத்துக்குப் போயிற்று. ரவூஃபாவின் முகத்தில் இத்தனை நிம்மதியை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை.

தண்ணீருக்கடியில் வெயில் வலை வலையாக மணலில் ஆடியது. பவளப்பாறை சரிந்து இறங்கும் விளிம்பில் கிளிமீன்கள் கரக் கரக்கென்று பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. விரல் நீளக் குட்டிச் சுறாக்கள் பள்ளிக்கூடம் விட்டது போலக் கரையோரமாக ஓடின என்று சொல்ல ஷம்மூனுக்கு ஆசைதான். உண்மையில் அவை கை நீளம் இருந்தன, அவன்தான் பயத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

ரவூஃபா ஒரு விரலை நீட்டினாள். கீழே கேப்டன் போய்க்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசை அகலம். வால் பாதியில் அறுந்திருந்தது. இரண்டு ஓரங்களையும் மெல்ல மடித்து விரித்து, எங்கேயோ முக்கியமான வேலை இருப்பவன் மாதிரி போனான். இருவரும் மேலே மிதந்துகொண்டே பின்னால் போனார்கள்.

பத்துக் கைவீச்சு போயிருக்கமாட்டார்கள், கேப்டன் நின்றான். மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டு புதைந்துகொண்டான். இரண்டு கண்கள் மட்டும் மேலே முழித்தன. பின்தொடரப்படும் ஆள் திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் நின்று எதையாவது பார்ப்பதுபோல நடிக்க வேண்டும் என்பது தொழில் விதி. இங்கே கடை இல்லை. ஒரு கடல் அட்டைதான் இருந்தது. இருவரும் கடல் அட்டையை வேடிக்கை பார்த்தார்கள். கறுப்பாக, சும்மா கிடந்தது. அதை அவ்வளவு நேரம் ரசித்த மனிதர்கள் அதற்கு முன் இருந்திருக்கமாட்டார்கள். அட்டைக்கே சங்கடமாகியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கிளாத்தி மீன் வந்தது. மஞ்சள் மூஞ்சி, மனிதப் பல், முட்டையிட்ட குழியைக் காவல் காக்கும் வெறி. அட்டையை நெருங்கிப் பார்க்க முங்கிய ஷம்மூன் அதன் வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே இருந்தான். அது நேராக வந்து அவன் வலது ஃபின்னைக் கவ்வியது. அவன் மேலே எழும்பினான். அதுவும் மேலே வந்தது. இடது ஃபின்னையும் ஒரு கடி கடித்தது. குழிக்கு நேர் மேலே உள்ள தண்ணீரெல்லாம் அதற்குச் சொந்தம், பக்கவாட்டில் போ என்று ரவூஃபா கையை ஆட்டினாள். அவன் அதை 'வாழ்த்துகள்' என்று எடுத்துக்கொண்டு இன்னும் மேலே போனான். கடைசியில் ரவூஃபா அவன் இடுப்பு நாடாவைப் பிடித்துப் பக்கத்துக்கு இழுத்தபிறகுதான் மீன் திரும்பிப் போயிற்று.

இந்தக் களேபரத்தில் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபோது ஒரு மீன்பிடி தோணி பக்கத்தில் போனது. அதில் இருந்தவர் ஷம்மூனின் சொந்தச் சித்தப்பா.

"ஹலோ மை ஃப்ரெண்ட்" என்று அவர் கையசைத்தார். "வெல்கம் டு மால்டீவ்ஸ்."

ஷம்மூனும் கையசைத்தான். பெற்ற தாய் வந்திருந்தாலும் இந்தக் கோலத்தில் அவனைத் தெரிந்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. ரவூஃபா சொன்னது சரிதான்.

கீழே கேப்டன் மணலை உதறிக்கொண்டு எழுந்தான். இப்போது வேகமாகப் போனான். வலப்பக்கம் இன்னொரு திருக்கை சேர்ந்தது. இடப்பக்கம் இரண்டு. பாறை வளைந்து தீவின் மறுபக்கம் திரும்பியதும் தண்ணீர் ஆழம் குறைந்தது. எங்கு பார்த்தாலும் திருக்கைகள். ஜாபிரின் மொத்தச் சொத்தும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக உரசிக்கொண்டு சுற்றிவந்தது. அதன் நடுவில் இரண்டு கால்கள் நின்றன.

பெண்ணின் கால்கள். நீண்ட உடுப்பை முழங்காலுக்கு மேலே முடிந்திருந்தாள். மேலிருந்து ஒரு சூரைத்தலை விழுந்தது. கேப்டன் முன்னால் போய் அதை வாங்கிக்கொண்டான்.

ஷம்மூன் மெல்லத் தலையைத் தூக்கினான். புதருக்கு முன்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தது. பெரிய பாத்திரத்தில் ரிஹாகுரு கொதித்தது. காற்று அந்த வாசனையைக் கொண்டுவந்தபோது அவனுக்கு வாயில் வைத்திருந்த குழாயைக் கடிக்கலாம் போலிருந்தது.

"ஹலோ மேடம்" என்றான், குழாயை எடுத்துவிட்டு, வெள்ளைக்காரக் குரலில்.

"மாஸ்க்கைக் கழட்டுடா" என்றாள் ஸீனியா. "நம்ம ஊர் முதுகு எனக்குத் தெரியாதா?"

இருவரும் கழற்றினார்கள். ஷம்மூனின் நெற்றியில் மாஸ்க்கின் தடம் வட்டமாக விழுந்திருந்தது. ஒரு திருக்கை அவன் கணுக்காலைத் தடவிக்கொண்டு போக, அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"திருக்கைய யாரும் திருடலையா?" என்றாள் ரவூஃபா.

"திருடறதா? எனக்கு மீன் வெட்டணும். அங்க வெட்டக் கூடாதுன்னுட்டார். இங்க வந்தேன். அதுங்களும் வந்துடுச்சு. பாத்திரம் எங்கயோ தலையும் குடலும் அங்க. தலையும் குடலும் எங்கயோ திருக்கை அங்க. இதுக்கு எதுக்குத் துப்பறியணும்?"

"அப்ப விசில்?" என்றான் ஷம்மூன்.

ஸீனியா சிரித்தாள். "விசிலுக்கு எந்த மீன் வரும்? அவரு முன்பக்கம் நின்னு ஊதுவாரு. நான் சமையலறைப் பக்கம் வாளியக் கவுப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. எந்தக் கல்யாணம்னு கேக்காத." அவள் கையைக் கழுவிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. "அவருகிட்ட இதச் சொல்லாதீங்க. விசில்தான் அவருக்குப் பெருமை. அது பொய்யின்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாரு. நான் போனதுக்கப்புறமாவது அது அவருக்கு இருக்கட்டும்."

"போறதா முடிவு பண்ணிட்டீங்களா?"

"மீன் வெட்டாதே, காய்ச்சாதே. அப்ப நான் அந்த வீட்டுல எதுக்கு? பூச்சாடியா?" அவள் விறகைத் தள்ளிவிட்டாள். "எங்க போறேன்னு ஒரு நாள் கேட்டிருந்தா இருந்திருப்பேன். தினமும் கண்ணு முன்னாலதான் பாத்திரத்தத் தூக்கிட்டுப் போறேன். ஒரு வார்த்தை கேக்கல. மூணாவது தடவைன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் இன்னும் உட்கார்ந்திருக்கேன்."

ஷம்மூனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

இருவரும் புதரை விலக்கிக்கொண்டு நடந்தே திரும்பினார்கள். நனைந்த கால்சட்டை ஷம்மூனின் தொடையில் அறைந்துகொண்டே வந்தது.

"உள்ளத சொன்னா அவரு உடைஞ்சிடுவாரு. சொல்லலைன்னா அவங்க போயிடுவாங்க" என்றான். "எப்படி அக்கா?"

"திருக்கையப் பத்தி அவரு நம்மகிட்ட கேக்கவே மாட்டாரு."

"அதுக்குத்தானே நம்மளக் கூப்பிட்டாரு?"

"பார்ப்போம்."

ஜாபிர் வாசலில் இருந்த, கயிற்று வலை பின்னிய நாற்காலியில் உட்காராமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் இரண்டடி வந்தார்.

"அங்க யாரு இருந்தாங்க?"

"திருக்கையெல்லாம் கிடைச்சிடுச்சுண்ணே" என்றான் ஷம்மூன். "கேப்டன் சௌக்கியமா..."

"அது கிடக்கட்டும். யாராவது கூட இருந்தாங்களா? அவகூட?"

அவள் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. ரவூஃபா மாஸ்க்கிலிருந்த தண்ணீரை மெதுவாக வடித்தாள்.

"ஜாபிர் அண்ணே, திருக்கை எங்க போச்சுன்னு தெரியாதுன்னு சொன்னீங்க. ஆனா 'அந்தப் பக்கம் ஒரே புதரு'ன்னு எந்தப் பக்கம்னு நான் கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னீங்க. இறங்கற இடமும் நீங்களே காட்டினீங்க. அங்க இறங்கினா நீரோட்டம் வேற எங்கயும் கொண்டுபோகாது. தொலைஞ்ச பொருள் எங்க இருக்குன்னு தெரிஞ்சவரு எதுக்குத் துப்பறிய ஆள் கூப்பிடணும்? உங்களுக்கு வேண்டியது திருக்கை இல்ல. உங்க மனைவி மத்தியானமானா எங்க போறாங்க, யாரப் பார்க்கப் போறாங்கன்னு தெரியணும். அதக் கேக்க வெக்கம். அதனால வால் அறுந்த ஒருத்தன எங்களுக்குப் பிடிச்சுக் குடுத்தீங்க."

ஜாபிர் வலை நாற்காலியில் உட்கார்ந்தார். கப்பல் கவிழ்ந்தவர் போல அதில் தொங்கினார்.

"பாத்திரத்தத் தூக்கிட்டுப் போறத ஒரு நாள் பார்த்தேன்" என்றார். "பின்னாடியே போயிருக்கலாம். பெண்டாட்டி பின்னால உளவு பார்த்துப் போனான்னு சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குள்ள ஊரே பேசும். அவ காதுக்கும் போகும். அதோட முடிஞ்சுது. வாயத் திறந்து கேக்கலாம். 'உங்களுக்கு என்ன'ன்னு சொல்லிட்டான்னா? யாருக்கோ சமைச்சு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டான்னா?"

"அப்ப விசில்..." என்று ஷம்மூன் தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜாபிர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "விசிலுக்குத் திருக்கை வரும்னு நான் நம்பறேன்னு நினைச்சியா? எனக்கென்ன பைத்தியமா? முதல் வருஷமே தெரியும்பா, வாளிதான்னு. நான் ஊதறது அவளைக் கூப்பிடறதுக்கு. ஊதினா அவ வாளியோட கதவத் திறந்து வருவா. ஒரு நாள்ல அந்த ஒரு தடவையாவது நான் கூப்பிட்டு அவ வந்தா மாதிரி இருக்கும்." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "அவ வரலைன்னு தெரிஞ்சும்தான் இத்தனை நாளா ஊதினேன்."

உள்ளே ஜெர்மன் கிழவர் சீட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டது.

"அவங்ககூட யாரும் இல்லண்ணே" என்றாள் ரவூஃபா. "ஒரு பாத்திரம், ஒரு பலகை, திருக்கைங்க. அவ்வளவுதான். நீங்க ஒரு வார்த்தை கேக்கலையேன்னு உட்கார்ந்திருக்காங்க. இன்னிக்கு உட்கார்ந்திருக்காங்க. நாளைக்கு எனக்குத் தெரியாது."

ஜாபிர் எழுந்தார். செருப்பைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு, ஊர் நடுவே, எல்லோரும் பார்க்க, அந்தப் பக்கம் நடந்தார்.

"நம்ம ஃபின்ன அங்கேயே விட்டுட்டோம்" என்றாள் ரவூஃபா. எதையும் எங்கும் மறந்தறியாதவள் அவள். ஷம்மூன் மறுபேச்சில்லாமல் மாஸ்க்கை எடுத்தான்.

அவர்கள் புதருக்கு இந்தப் பக்கமாகவே தண்ணீரில் இறங்கி, டூரிஸ்ட் மாதிரி மிதந்து போனார்கள். ஷம்மூன் கண்ணைத் தண்ணீருக்கடியில் வைத்துப் பார்த்தான். திருக்கைகளுக்கு நடுவில் ஸீனியாவின் கால்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில், கரையிலேயே நின்றிருந்த இன்னும் இரண்டு கால்கள் இறங்கி வந்தன. மயிரடர்ந்த, தயங்குகிற கால்கள். ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டன. பெண்ணின் கால்கள் நகரவில்லை. கேப்டன் இரண்டு ஜோடிக்கும் நடுவில் ஒரு சுற்று வந்தான்.

ஷம்மூன் காதைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தான்.

"என்ன?" என்றாள் ஸீனியா.

"தினமும் எங்க போறே?"

அவள் ஒரு சூரைத்தலையைக் கேப்டனுக்குப் போட்டாள். "இங்கதான்" என்றாள் பிறகு.

"நாளைக்கு நானும் வரவா?"

"உட்கார ஒரு பலகைதான் இருக்கு."

"நின்னுக்கறேன்" என்றார் ஜாபிர்.